கேட்காமல் எழும்பாத சின்ன டீச்சர்

பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு சின்ன டீச்சரைத் தேடிப் பிடிப்பதே எனக்கு ஒரு தனி வேலையாக இருந்தது. ஒருநாள் தொண்டை கிழியக் கூப்பிட்டும் பதில் இல்லை. எட்டிப் பார்த்தால், விளையாட்டு மூலையில் இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“என்ன புள்ள செய்றீங்க அங்க?”

“கதவு டீச்சர்,” என்றாள், உதட்டை அசைக்காமல்.

“என்னது?”

“ரிஸ்வான் பூட்டிட்டுப் போயிட்டாரு. திறக்க வரல்ல.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. கூட்டாத வகுப்பறை, கழுவாத சாயக் கோப்பைகள், இதற்கு நடுவில் ஒரு கதவு! “அல்லாவே, இவளுக்கு நல்ல புத்தியக் குடு” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நல்லகாலம், ரிஸ்வானின் உம்மா கேற்றடியில் யாரோடோ கதையில் நின்றா. பையனை இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் ஒரு குழப்பமும் இல்லாமல் அவளுடைய முழங்கையில் விரலை வைத்துச் சாவி திருகுகிற மாதிரித் திருகினான். அவள் கைகளை மடக்கி, அவனுக்கு ஒரு சலாமும் சொல்லிவிட்டுத் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

எங்கள் பாலர் பள்ளி, கற்பிட்டி வீதியிலிருந்து களப்புப் பக்கம் திரும்புகிற ஒரு மணல் ஒழுங்கையில் இருந்தது. சுற்றிவர இருந்த சனத்தில் பாதிப் பேர் என்னைப் போல இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். மீதிப் பேர் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து, முகாமில் கிடந்து, பிறகு இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சண்டை முடிந்த பிறகு, ஊருக்குத் திரும்புவதா இருப்பதா என்று எல்லா வீட்டிலும் இதே கதைதான். “நீங்க எந்த ஊரு?” என்று யாராவது கேட்டால் அவள் யோசிக்கவே மாட்டாள். “உம்மாட ஊரு மன்னார். என்ட ஊரு இந்தா இது” என்று பள்ளி முற்றத்து மணலைக் காலால் தட்டிக் காட்டுவாள்.

பிள்ளைகளுக்கு நான் பெரிய டீச்சர், எனக்கு உதவியாக இருந்த அவள் சின்ன டீச்சர். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. நான் ஒரு பிடி எலும்பு. அவளோ நல்ல உயரம், நல்ல உடம்பு, நடந்தால் பலகைக் கட்டைகளில் கட்டிய கோபுரங்கள் ஆடும். யார் வந்தாலும் முதலில் அவளுக்குத்தான் சலாம் சொல்வார்கள். அவள் என்னைக் கையால் காட்டிவிட்டு, அந்த நேரம் பஸ்ஸாகவோ பேயாகவோ கிணறாகவோ எதுவாக இருந்தாளோ அதற்குத் திரும்பிப் போய்விடுவாள்.

இதெல்லாம் ஒரு பயிற்சியால் வந்த வினை. சண்டை முடிந்த கையோடு எங்கள் பக்கத்துப் பாலர் பள்ளி ஆசிரியைகளைக் கூட்டி, இனி விளையாட்டின் வழியாகத்தான் படிப்பு என்று சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு நோனா எங்களையும் தரையில் இருத்தி விளையாட வைத்தா. “பிள்ளை தன்ர விளையாட்டில உங்களுக்கு ஒரு வேலை தந்தா அதைச் செய்யுங்க. விளையாட்டை நீங்க முடிச்சு வைக்காதீங்க” என்றா. நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டினோம், சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம், வீட்டுக்கு வந்தோம். அவள் ஒருத்திதான் அதை மார்க்கக் கடமை மாதிரி எடுத்துக்கொண்டாள்.

“அது அமானத் டீச்சர்,” என்பாள். “ஒராள் நம்பி ஒண்டத் தந்தா, அவங்கட்டத் திருப்பிக் குடுக்காம எழும்பிப் போறதா?”

“அமானத்தா? மூண்டு வயசுப் புள்ள உங்கள அடுப்பு எண்டு சொல்றது அமானத்தா?”

“அடுப்பு எழும்பிப் போனா சோறு எப்படி வேகும்?”

இவளோடு யார் வாய் கொடுப்பது! எழும்ப வேண்டி வந்தால் அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்பாள். “போதுமா? நான் எழும்பட்டா?” பிள்ளை போதும் என்றால் எழும்புவாள். இன்னும் கொஞ்சம் என்றால் கிடப்பாள். மணல் சோறு தந்தால் சும்மா வாயை மெல்லுகிற வேலை அவளிடம் இல்லை. “உப்புக் காணாது மகள்” என்று திருப்பி அனுப்புவாள், பிள்ளை போய் இன்னொரு பிடி மணல் போட்டுக்கொண்டு வரும். யாராவது விழுந்தால், கடித்தால், அடித்தால் மட்டும் கேட்காமல் பாய்வாள். மையத்தாக, செத்தவள் மாதிரிப் படுத்துக் கிடந்தவள் ஒரு துள்ளில் எழும்பி ஊஞ்சலடிக்கு ஓடியதைப் பார்த்து ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு மையத்து விளையாட்டை நான் தடை செய்தேன்.

ஒரு தரம் பொலிஸ்காரர் ஒருவர் அவளைக் கள்ளி என்று பிடித்துக் கட்டைகளால் கட்டிய மறியல் கூண்டுக்குள் போட்டார். போட்ட கையோடு வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நான் கட்டைகளை எடுத்து வைத்தேன். அவளும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் கடற்கரைப் பக்கம் திரும்பி அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். பொலிஸ்காரர் நித்திரை. எழுப்புகிறேன் என்று உம்மா சொல்ல, வேண்டாம் என்று படியில் குந்திக்கொண்டாள். வலை தைத்துக்கொண்டிருந்த வாப்பாவுக்கு நூல் பிடித்துக் கொடுத்திருக்கிறாள், தேத்தண்ணி குடித்திருக்கிறாள். பின்னேரம் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, “சரி, இனிக் களவெடுக்கப்படாது” என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குப் போனாளாம். அடுத்த நாள் இந்தக் கதையைக் கேட்டு நான் கத்தின கத்தில் பூவரச மரத்துக் காகம் பறந்தது. அவள் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு ஒரு பக்கமாகத் தொடங்கி மற்றப் பக்கத்துக்கு வர நேரம் எடுக்கும். அதுவரைக்கும் கோபத்தைப் பிடித்து வைத்திருப்பது எனக்கு என்றைக்கும் முடிந்ததில்லை.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? “எழுத்து எப்பப் படிப்பிக்கப் போறீங்க? சின்ன டீச்சர் எப்ப பாத்தாலும் மண்ணுல கிடக்கிறா” என்று என்னிடம்தான் வருவார்கள். அவளிடம் சொல்ல மாட்டார்கள். சொல்ல வந்தவர்களும் பிள்ளைகளோடு அவள் போட்டிருக்கிற விளையாட்டுக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இவளுக்குக் கல்யாணம் மட்டும் சரிவரவில்லை. கேட்டு வந்த இடங்கள் நல்ல இடங்கள்தான். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்பார்கள். இவள் போவேன் என்பாள். முடிந்தது கதை. அவளுடைய உம்மா ஒருநாள் பள்ளிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

“எத்தாளையில இருந்து ஒரு இடம் வந்திருக்கு டீச்சர். தோட்டக்காரக் குடும்பம், மாப்பிள்ளை தங்கமான பொடியன். அவங்களும் வேல வேணாம் எண்டுதான் சொல்றாங்க. இந்த முறையாவது இவ வாயத் திறக்காம இருக்கணும். நீங்க சொன்னாக் கேப்பா.”

நான் சொல்ல வேண்டி வரவில்லை. அடுத்த நாள் அவளே சொன்னாள். “உம்மாட்ட வாக்குக் குடுத்துட்டன் டீச்சர். இந்த முற நான் ஒண்டும் சொல்ல மாட்டன். அவங்க என்ன சொன்னாலும் சரி.” சொல்லிவிட்டுப் பென்சில் சீவினாள். சீவின பென்சிலையே திரும்பத் திரும்பச் சீவினாள். அவள் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. அவள் இல்லாத அந்த முற்றத்தை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன், வேறு ஏதோ காரியமாக வந்த மாதிரி ஒரு தரம் வந்து பார்ப்பார்கள். பெண் அறியாமல், உடுத்திப் பூசாமல் இருக்கும்போது எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான். அதனால் உம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தா. “அந்த நாளையில அவ பேய் பிசாசா நிக்காமப் பாத்துக்கங்க டீச்சர்.” நான் பொறுப்பெடுத்தேன். ஆனால் அவர்கள் எந்த நாளில் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முந்தின காற்றுக் காலம் அது. வகுப்பில் ஹம்னா என்று ஒரு பிள்ளை இருந்தாள். வாயாடிப் பிள்ளையாக வந்தவள். போன ஹஜ்ஜுக்கு அவள் வளர்த்த ஆட்டைக் குர்பானுக்கு அறுக்கக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கிறது நல்ல காரியம்தான், ஆனால் பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சாச்சி வீட்டுக்குப் போய் வந்து பார்த்தால் கயிறு மட்டும் கிடந்ததாம். அதிலிருந்து அவள் எந்த விளையாட்டிலும் சேராமல் ஜன்னலடியில் போய் இருந்துகொள்வாள். நாங்களும் வற்புறுத்தவில்லை. திரும்பவும் பெருநாள் பேச்சு வந்தபோது, ஒருநாள் காலையில் தானாக எழும்பி வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தக் கயிற்றைச் சின்ன டீச்சரிடம் நீட்டினாள்.

“நீங்க என்ட ஆடு.”

“ஓம்,” என்றாள் அவள். அவ்வளவுதான். முழங்கால் போட்டுவிட்டாள்.

அன்றைக்குத்தான் அவர்கள் வந்தார்கள்.

வாசலில் த்ரீவீல் நின்றது. மூன்று பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவ, அகலமான உடம்பும் வெயிலில் கறுத்த கையுமாக, மாப்பிள்ளையின் உம்மா என்று பார்த்த உடனே தெரிந்தது. வெங்காயம் ஏற்ற வருகிற லொறிக்காரர்களோடு தானே நின்று பேரம் பேசுகிறவ என்று கேள்விப்பட்டிருந்தேன். “பேரப் புள்ளக்கி இடம் ஈக்கிதா எண்டு கேட்டுட்டுப் போக வந்த” என்று சாட்டுச் சொன்னா. நான் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டே கண்ணால் தேடினேன். கண்டேன். கண்டதும் என் உயிர் பாதி போய்விட்டது.

பூவரச மரத்தடியில், இடுப்பில் கட்டிய கயிற்றின் மற்ற நுனி மரத்தில் இருக்க, நாலு காலில் நிற்கிறாள். ஹபாயா முழுக்க மண். வாயில் ஒரு பூவரசம் இலை.

ஓடிப் போய்க் காதில் சொன்னேன். “எழும்புங்க! எத்தாளை ஆக்கள் வந்தீக்கிறாங்க!”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. கண் கலங்கிற்று. எழும்பத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஹம்னாவைப் பார்த்தாள். ஒரு வருடமாகச் சிரிக்காத பிள்ளை அவளுடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றது.

“ம்மே,” என்றாள்.

“ஹம்னா மகள், ஆட்ட அவுத்து உடுங்களே,” என்று கெஞ்சினேன்.

“ஏலா.”

எனக்குப் பின்னால் காலடி கேட்டது. வந்தவ மரத்தடிக்கே வந்துவிட்டா. “இது ஆரு டீச்சர்?” என்றா.

“எங்கட உதவி டீச்சர்தான்,” என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? முடிந்தது, இந்த இடமும் போயிற்று, உம்மாவுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வேன் என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். கூட வந்த இரண்டு பேரும் தலையில் போட்டிருந்த சோலால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா சிரிக்கவில்லை. ஆட்டை மேலும் கீழும் பார்த்தா. கயிற்றைப் பார்த்தா. பிறகு ஹம்னாவுக்கு எதிரே மணலில் குந்தினா.

“இது ஆருட ஆடு மகள்?”

“என்ட.”

“விப்பீங்களா?”

“இல்ல.”

“ஹஜ்ஜு வருதே. குர்பானுக்குக் குடுப்பீங்களா?”

“குடுக்க மாட்டன். போன முற எனக்குச் சொல்லாமக் குடுத்துட்டாங்க.” ஹம்னாவின் உதடு துடித்தது. ஆடு தலையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் தோளில் முட்டியது.

“அது சரியில்லதான்,” என்றா வந்தவ. “சொல்லிட்டுத்தான் எடுக்கணும். அதான் நான் உங்களுட்டக் கேக்கிறன். எங்கட ஊட்டுக்கு ஒரு நல்ல ஆடு வேணும் மகள். தருவீங்களா?”

ஹம்னா யோசித்தாள். “அறுப்பீங்களா?”

“அல்லாவே! இல்ல மகள்.”

“கட்டிப் போடுவீங்களா?”

லொறிக்காரனை மடக்குகிற வாய், ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் தடுமாறி நின்றது. ஆட்டின் முகத்தைப் பார்த்தா. ஆடு இலையை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“கட்டிப் போடக் கூடாதா?”

“கூடா. கட்டிப் போட்டா அழும். காலையில இங்க கொண்டந்து உடணும். எங்களோடதான் மேயும். பின்னேரம் வந்து கூட்டிட்டுப் போகலாம்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“லீவு நாள்ல வேணாம்.”

அவ தரையைப் பார்த்து யோசித்தா, உண்மையாகவே யோசித்தா. “சரி,” என்றா. “கொண்டந்து உடுறன்.”

ஹம்னாவுக்கு அதுவும் போதவில்லை. ஆட்டின் காதில் வாயை வைத்து, “நீங்க போவீங்களா? விருப்பமா?” என்று கேட்டாள். எங்கள் மார்க்கத்தில் பெண்ணிடம் சம்மதம் கேட்காமல் நிக்காஹ் இல்லை. அவளிடம் அதை முதலில் கேட்டது ஹம்னாதான். அவள் அந்த மனுஷியை நேராகப் பார்த்தாள். ஒரு பக்கமாகத் தொடங்கிய சிரிப்பு மெல்ல மற்றப் பக்கம் வந்தது.

“ம்மே.”

அவர்கள் போன பிறகுதான் “நான் எழும்பட்டா?” என்று கேட்டாள். ஹம்னா கயிற்றை அவிழ்த்தாள். “இப்ப மனுசியா இருங்க. அவங்க கொண்டந்து உட்டாத்தான் விளையாட்டு முடியும்” என்றாள்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. “என்ன பேரம் புள்ள இது? ஒரு பொம்புளைய ஆடு மாடு மாதிரி!”

அவள் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “என்னப் பாக்க வந்தவங்க எல்லாரும் மனுசி எண்டுதானே டீச்சர் வந்தாங்க. அதுல ஒராளாவது கட்டிப் போடக் கூடா எண்டு சொன்னாங்களா?” பிறகு அழுதாள். நானும் அழுதேன். ஹம்னா எங்கள் இரண்டு பேருக்கும் இலை கொண்டுவந்து தந்தாள்.

மறுநாளே எத்தாளையிலிருந்து சரி என்று தகவல் வந்தது. வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உம்மா வாயைத் திறக்க விடவில்லை, அவளும் வாக்குத் தவறவில்லை. பெருநாள் கழிந்து, பள்ளி லீவில் கல்யாணம் நடந்தது. பிரியாணிச் சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும்போதுகூட எனக்கு அதே யோசனைதான். ஒரு பிள்ளையின் விளையாட்டுக்குச் சொன்ன சொல்லை யார் மனதில் வைத்திருக்கப் போகிறார்கள்? பெரிய ஆட்கள் பிள்ளைகளுக்கு எத்தனை சொல்லியிருக்கிறோம், எதைத்தான் செய்திருக்கிறோம்?

லீவு முடிந்து பள்ளி தொடங்கிய காலையில் நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். ஹம்னா எனக்கு முதலே வந்து கேற்றடியில் நின்றாள். கையில் பூவரசம் இலை. பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், மணி அடிக்கிற நேரமும் வந்துவிட்டது. அவளுக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொற்களைத் தேடினேன். “அது சும்மா விளையாட்டு மகள்” என்று சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன். அந்தச் சொல் அந்த முற்றத்தில் எனக்கு வரவில்லை.

ஒழுங்கை முனையில் த்ரீவீல் சத்தம் கேட்டது.

முதலில் மாமி இறங்கினா. பின்னால் அவள். புது ஹபாயா, கையில் மருதாணிச் சிவப்பு. மாமி அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து ஹம்னாவின் முன்னால் நிறுத்தினா.

“இந்தாங்க மகள். லொறிக்காரனுக்குச் சொன்ன வெலயவே நான் மாத்துறல்ல. உங்களுக்குச் சொன்னத மாத்துவனா?”

ஹம்னா அவளைச் சுற்றி வந்தாள். இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். “கட்டிப் போட்டீங்களா?”

“இல்ல மகள். கேட்டுப் பாருங்க.”

ஆடு முழங்கால் போட்டு இலையை வாயில் வாங்கியது. புது ஹபாயாவில் மண் பட்டது. ஹம்னா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

“சரி. முடிஞ்சி. இனி நீங்க டீச்சர்.”

அவள் எழும்பினாள். என்னைப் பார்த்துச் சலாம் சொன்னாள், நேற்றுத்தான் போனவள் மாதிரி உள்ளே போய்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். நான் மணியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்க மறந்து நின்றேன். த்ரீவீல்காரன் ஹோர்ன் அடித்தான். மாமி மட்டும் போகாமல் அங்கேயே நின்றா. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறினா. கடைசியில் குனிந்து, கொஞ்சம் வெட்கத்தோடு ஹம்னாவிடம் கேட்டா.

“அப்ப நான் போகட்டா மகள்?”

“போங்க,” என்றாள் ஹம்னா. “பின்னேரம் மறக்காம வாங்க.”